பெட்டிக்குள் விட்ட வெற்றிடம்

புத்தளத்திலிருந்து வடக்கே பழைய மன்னார் வீதியைப் பிடித்தால், வனாத்தவில்லு தாண்டி எலுவன்குளம் வரும். ஊரைக் கடந்ததும் கலா ஓயா. ஓயாவுக்கு அப்பால் வில்பத்துக் காடு. மாரியில் ஓயா பெருகினால் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடும், வீதி அத்தோடு நின்றுவிடும். ஆற்றோடு மேற்கே இறங்கினால் கங்கேவாடிய, கண்டல் காடு, பிறகு களப்பு. களப்பின் மறுகரை கற்பிட்டித் தீபகற்பம். இலங்கையின் மிகப் பெரிய மின்நிலையம் அங்கே நுரைச்சோலையில் நிற்கிறது. 2011இல் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது.

அங்கிருந்து 220,000 வோல்டில் கிளம்பும் மின்சாரம் நாட்டு வலையமைப்பில் கலந்து, படிப்படியாக இறங்கி, 230 வோல்டாக வீட்டுக்குள் வருகிறது. வீட்டுக்குள் அதன் கடைசித் தங்குமிடம் உள்ளங்கையளவு பெட்டி ஒன்று. சுவிட்சைக் கழற்றினால் சுவருக்குள் தெரிகிறதே மூன்றங்குலச் சதுரம், அந்தச் சங்க் பொக்ஸ். லைட் தொங்கும் இடத்தில் கூரையில் இருக்கும் வட்டப் பெட்டியும் அதே குடும்பம்தான். வயர்கள் ஒன்றோடொன்று சேருவது இவற்றுக்குள்ளே. வீட்டு வயரிங்கில் சூடு பெரும்பாலும் பிறப்பது வயரின் நடுவில் அல்ல, இந்தச் சேர்மானங்களில்.

இந்தப் பெட்டிக்குள் எத்தனை வயர் போகலாம்? எங்கள் பக்கத்து வயரிங் பாஸ்மாரிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "அமுக்கினாப் போகும்." உண்மையில் போகும். கட்டைவிரலால் அழுத்தி, சுவிட்ச் தட்டை மேலே வைத்து, இரண்டு ஸ்குரூவையும் முறுக்கிவிட்டால் எல்லாம் உள்ளே போய்விடும். ஆனால் அமுக்காமல் எண்ணிப் பார்க்கும் ஒரு கணக்கு உலகத்தில் உண்டு. அது பிறந்தது நெருப்பிலிருந்து. அதை எழுதத் தொடங்கியவர்கள் மின்பொறியியலாளர்கள் மட்டுமல்ல; தீக்கு நட்டஈடு கொடுத்துக் களைத்துப்போன காப்புறுதிக்காரர்களும்தான்.

முதல் மின்விளக்குகள் பெட்டி இல்லாமலே எரிந்தன. 1880களில் அமெரிக்க வீடுகளில் வயரை மரச்சட்டத்தில் பீங்கான் குமிழ்களில் கட்டி இழுத்தார்கள். மரத்தைத் துளைக்கும் இடத்தில் ஒரு பீங்கான் குழாய். பணக்கார வீடுகளில் அதற்கு முன்பே வாயு விளக்குகள் இருந்தன. அவற்றின் குழாய்கள் கூரைக்குள் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன. ஆகவே புதிய மின்விளக்கை அந்த வாயுக் குழாயின் நுனியிலேயே தொங்கவிட்டார்கள். ஒரே விளக்கில் ஒரு கிளையில் வாயுச் சுடர், மறு கிளையில் மின்குமிழ் என்று இரண்டும் இருந்த காலமும் உண்டு. வயர்களை முறுக்கி, ஈயப்பற்று வைத்து, ரப்பர் நாடா சுற்றி, மரத்துக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் நடுவே தள்ளிவிடுவார்கள். அந்தச் சேர்மானம் தளர்ந்தால் அதைச் சுற்றியிருப்பது காய்ந்த பலகை.

நியூ இங்கிலாந்தின் நெசவாலைகளில் விளக்குப் போட்ட முதல் மாதங்களிலேயே தீ விபத்துகள் வந்தன. பஞ்சுத் தூசி பறக்கும் ஆலையில் ஒரு பொறி போதும். ஆலைகளுக்குக் காப்புறுதி கொடுத்தவர்கள் பயந்தார்கள். 1881இல் நியூயோர்க்கின் தீக்காப்புறுதி வாரியம் மின்விளக்குக்கென்று விதிகள் போட்டது. எடிசன் பேர்ல் வீதியில் தன் மின்நிலையத்தை ஓட்டத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு, 1882 செப்டம்பர் 4இல். எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே மின்சாரத் தீக்கு விதி வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே 1882இல் லண்டனிலும் ஒரு குழு கூடி, மின்விளக்கால் வரும் தீ அபாயத்தைத் தடுக்கும் விதிகள் என்ற தலைப்பில் நாலு பக்கத்தில் ஒரு ஏட்டை வெளியிட்டது. இன்று இலங்கையில் வயரிங் படிக்கும் பிள்ளைகள் பெயர் சொல்லும் பிரித்தானிய விதிநூலின் மூலம் அந்த நாலு பக்கம்தான். இரண்டு விதிநூல்களும் ஒரே பயத்திலிருந்து பிறந்தவை. பிறகு இரண்டும் வேறு வேறு வழியில் வளர்ந்தன. எலுவன்குளத்து வீட்டுப் பெட்டிக்கு ஏன் எண்ணிக்கை இல்லை என்பதற்கான விடை அந்தப் பிரிவில் இருக்கிறது.

அமெரிக்காவின் கதை சற்றுக் குழப்பமானது. ஆளுக்கொரு விதி. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சி நடந்தபோது, மின்சார மண்டபத்தின் தீ அபாயத்தைப் பார்க்கக் காப்புறுதிக்காரர்கள் வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளம் பொறியியலாளரை அனுப்பினார்கள். அந்த வேலையிலிருந்துதான் 1894இல் அவர் ஒரு சோதனைக் கூடம் தொடங்கினார். இன்று பெட்டி, சுவிட்ச், வயர் எதை எடுத்தாலும் அமெரிக்கச் சந்தையில் தெரியும் யூஎல் முத்திரை அதனுடையது. 1895 அளவில் அந்த நாட்டில் ஐந்து தனித்தனி வயரிங் விதிநூல்கள் புழங்கின. ஒரு நூல் சரியென்றதை மற்றது தவறென்றது. 1896 மார்ச் 18இல் நியூயோர்க்கில் 23 பேர் கூடி, பல அமைப்புகளின் சார்பில், எல்லாவற்றையும் ஒன்றாக்க முடிவெடுத்தார்கள். எழுதிய வரைவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுமார் 1,200 பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். 1897இல் தேசிய மின் விதிநூல் வெளிவந்தது. 1911 முதல் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் அதை நடத்துகிறது. மின்சார விதியைத் தீத்தடுப்புச் சங்கம் நடத்துவது அதன் பிறப்போடு பொருந்துகிறது.

அந்த விதி மரபில் மெல்ல மெல்ல உறுதியான ஒரு கருத்து: வயர் எங்கே சேர்ந்தாலும், எங்கே விளக்கோ சுவிட்சோ பொருந்தினாலும், அந்த இடத்துக்கு ஒரு பெட்டி வேண்டும். சேர்மானம் பழுதாகிப் பொறி பறந்தால் அது பெட்டிக்குள் அடங்கட்டும், மரத்தைத் தொடவேண்டாம். பெட்டி, தீக்குச் சிறைச்சுவர். நல்ல யோசனை. ஆனால் பெட்டி கட்டாயமானதும் வேலையாட்கள் எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கத் தொடங்கினார்கள். திணித்தால் வயர் கூர்மையாக மடிகிறது. உறை ஓரங்களில் உரசிக் கிழிகிறது. சுவிட்சின் உலோகப் பின்பக்கம் வயரின் மேல் ஏறி நிற்கிறது. ஸ்குரூவை இறுக்க இறுக்க உள்ளே ஏதோ ஒரு முனை தளர்கிறது. சூடு வெளியேறக் காற்றும் இல்லை. நெருப்பை அடைக்க வந்த பெட்டி இப்படி நெருப்புக்குக் காரணமாகக் கூடாது என்பதற்காகத்தான் எண்ணிக்கை வந்தது.

கணக்கு இதுதான். பெட்டிக்குள் வரும் ஒவ்வொரு வயருக்கும் அதன் பருமனைப் பொறுத்து ஒரு கன அளவு ஒதுக்க வேண்டும். அமெரிக்க அளவில் 14ஆம் இலக்க வயர் ஒன்றுக்கு 2 கன அங்குலம், அதாவது 32.8 கன சென்டிமீற்றர். அதைவிடப் பருத்த 12ஆம் இலக்கத்துக்கு 2.25, பத்தாம் இலக்கத்துக்கு 2.5, மெலிந்த 16க்கு 1.75, 18க்கு 1.5. சுவிட்ச் அல்லது பிளக் பொருந்தினால் அது இரண்டு வயருக்குச் சமம். பெட்டிக்குள்ளே கேபிளைப் பிடிக்கும் கிளாம்ப் இருந்தால், எத்தனை இருந்தாலும் சேர்த்து ஒரு வயர். கூட்டிவரும் தொகை பெட்டியின் கொள்ளளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெரிய பெட்டி. நூலில் இது நீண்ட காலம் 370ஆம் பிரிவில் இருந்தது. 2002இல் 314க்கு மாறியது.

நான் இந்த 32.8ஐ வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14ஆம் இலக்க வயர் உறையோடு சுமார் 2.8 மில்லிமீற்றர் விட்டம். பெட்டிக்குள் ஆறங்குலமாவது வயர் விடவேண்டும் என்பது அதே நூலின் இன்னொரு விதி. அந்த ஆறங்குல வயரின் சொந்தக் கன அளவு ஒரு கன சென்டிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஒரு கன சென்டிமீற்றர் பொருளுக்கு 32.8 கன சென்டிமீற்றர் இடம்! விதி அளப்பது வயரை அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது வெற்றிடத்தை அளக்கிறது. வயர் வளைந்து திரும்ப ஓர் இடம், சூடு பரவ ஓர் இடம், பத்து வருடம் கழித்து இன்னொருவர் வந்து கையை விட்டுத் திருத்த ஓர் இடம். அந்த வெறுமைக்கும் செம்பைப் போல, பிளாஸ்டிக்கைப் போல, வயரிங்கில் ஒரு பங்கு இருக்கிறது. அதைப் பொருளாக மதித்து எண்ணியதுதான் இந்த விதியின் பெருமை.

கூரை லைட்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் லைட்டுக்குப் பரவலாகப் பயன்படும் எண்கோணப் பெட்டி நாலங்குல அகலம், ஒன்றரை அங்குல ஆழம், கொள்ளளவு 15.5 கன அங்குலம். அதில் 14ஆம் இலக்க வயர் ஏழு போகலாம். இப்போது ஒரு சாதாரண அறை. கரண்ட் கொண்டுவரும் கேபிள் ஒன்று, அடுத்த அறைக்குக் கொண்டுபோகும் கேபிள் ஒன்று, சுவிட்சுக்கு இறங்கும் கேபிள் ஒன்று. ஒவ்வொன்றிலும் உறையிட்ட வயர் இரண்டு, ஆக ஆறு. ஏர்த் வயர் மூன்றும் சேர்ந்து ஒன்று, ஏழு. கிளாம்ப் ஒன்று, எட்டு. ஏழு போகும் பெட்டிக்கு எட்டு. எவருடைய வீட்டிலும் இருக்கும் மிகச் சாதாரணமான ஒரு லைட் பொயின்ட் கணக்கில் தவறிவிட்டது. கண்ணுக்கு அந்தப் பெட்டியில் தாராளமாக இடம் இருப்பதாகத்தான் தெரியும். ஆழம் இரண்டங்குலத்துக்குச் சற்று மேலான பெட்டி ஒன்று வாங்கினால் 21.5 கன அங்குலம் கிடைக்கும், பிரச்சினை தீர்ந்தது.

அந்த விதியின் சின்னச் சின்னச் சலுகைகளில் நல்ல கைப்பழக்கம் தெரிகிறது. பெட்டிக்குள்ளேயே தொடங்கி உள்ளேயே முடியும் குட்டி இணைப்பு வயர்களை எண்ணவேண்டாம். நடுவில் வெட்டாமல் நேரே கடந்து போகும் வயர் ஒன்றாகவே எண்ணப்படும், ஆனால் அதைச் சுருட்டி நிறைய விட்டால் இரண்டு. லைட்டோடு வரும் மெல்லிய வயர்கள் நாலுவரை கணக்கில் வராது, லைட்டுக்குக் கவிழ்ந்த கிண்ணம் போன்ற மூடி இருந்தால். ஏனெனில் அந்த மூடிக்குள் அவற்றுக்குத் தனி இடம் இருக்கிறது. ஏர்த் வயர் எத்தனை இருந்தாலும் ஒன்று என்பது பழைய வழக்கம். 2020 பதிப்பில் அதையும் திருத்தினார்கள்: நாலு வரைக்கும் ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு. நூறாண்டு தாண்டிய நூல் ஒன்று கால் வயருக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறது. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன்.

இந்த இடத்தில் கனடாவைத் தொட வேண்டும். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் இன்று ஸ்காபரோவிலும் பிராம்டனிலும் வீடு கட்டுகிறார்கள், வயரிங் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய கைவேலையில் இந்த எண்ணிக்கை அன்றாடம். கனடாவின் மின் விதிநூல் முதலில் வந்தது 1927இல். அங்கே 14ஆம் இலக்க வயருக்கு 24.6 மில்லிலீற்றர், 12ஆம் இலக்கத்துக்கு 28.7, அமெரிக்காவைவிடக் குறைவான இடம். ஆனால் அமெரிக்காவில் எண்ணாத ஒன்றைக் கனடா எண்ணுகிறது: வயர் முனைகளைச் சேர்த்துத் திருகும் தொப்பிகளை. இரண்டு தொப்பிக்கு ஒரு வயர்.

அந்தத் தொப்பியை அங்கே மரெட் என்பார்கள். அதுவும் லைட்டுக்காகவே பிறந்தது. ஸ்கொட்லாந்திலிருந்து கனடாவுக்குப் போன வில்லியம் மார் என்ற மின்வேலைக்காரர் ஒன்ராறியோவில் வாயு விளக்கு வீடுகளை மின்விளக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஏணியில் நின்று, தலைக்கு மேலே கொதிக்கும் ஈயத்தை வைத்து வயரைப் பற்றவைப்பது அன்றைய முறை. உருகிய ஈயம் மேலே விழும். அந்த ஆபத்துக்கு மாற்றாக 1914இல் ஈயமில்லாமல் அழுத்தத்தால் பிடிக்கும் இணைப்பியைச் செய்தார். ஈயம் போனது, வேலை பத்திரமானது, சேர்மானம் கொஞ்சம் பெருத்தது. பெருத்த அளவுக்குப் பெட்டியில் இடம் வேண்டுமென்று விதியும் ஒப்புக்கொண்டது. ஒரு பொருளால் கிடைத்த நன்மையையும் அது பிடித்துக்கொண்ட இடத்தையும் சேர்த்தே எழுதுவது நேர்மையான கணக்கு.

இனி எங்கள் பக்கம். கொழும்பில் மின்சாரம் வழங்கப்படத் தொடங்கியது 1895இல். வழங்கியது பூஸ்டெட் சகோதரர்கள் நிறுவனம். வயரும் பிரித்தானியாவிலிருந்து வந்தது, வேலை முறையும் அங்கிருந்து வந்தது. 1882இன் அந்த நாலு பக்க ஏடு பதிப்புப் பதிப்பாகப் பெருத்து, 1992இல் பிஎஸ் 7671 என்ற தரநூலாகி, இன்றும் எங்களுக்கு வழிகாட்டுகிறது.

இந்த மரபிலும் எண்ணிக்கை இருக்கிறது, குழாய்க்கு. 20 மில்லிமீற்றர் கொன்டியூட்டுக்குக் குறுகிய நேர் ஓட்டத்தில் 460 என்று ஒரு எண்; 2.5 சதுர மில்லிமீற்றர் முறுக்கு வயருக்கு 43 என்று ஒரு எண். வகுத்தால் பத்து வயர். சதுரக் குழலான டிரங்கிங்கில் பாதிக்கும் குறைவாக, 45 சதவீதம்தான் நிரப்பலாம். இந்தியாவின் ஐஎஸ் 732 நெறிநூலிலும் குழாய்க்கு இப்படி ஓர் அட்டவணை உண்டு. பெட்டிக்கு வரும்போது பிரித்தானிய நூல், போதிய இடம் இருக்க வேண்டும், வயருக்குச் சேதம் வரக்கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்கிறது. இத்தனை என்ற எண் இல்லை.

ஏன்? என் கணிப்பு இது. அமெரிக்க வீட்டில் 120 வோல்ட். அதே 60 வாட் குமிழ் அங்கே அரை அம்பியர் இழுக்கும், இங்கே கால் அம்பியர் சொச்சம். குறைந்த வோல்டேஜுக்குப் பருத்த வயர் வேண்டும். லைட்டுக்கே அவர்கள் 2 சதுர மில்லிமீற்றருக்கு மேலான 14ஆம் இலக்கம் போடுகிறார்கள். பருத்த வயர் மடியாது, திணித்தால் எதிர்த்துத் தள்ளும். எங்களுக்கு லைட்டுக்கு 1/1.13 போதும்: 1.13 மில்லிமீற்றர் விட்டத்தில் ஒற்றைக் கம்பி, சரியாக ஒரு சதுர மில்லிமீற்றர். பிளக்குக்கு 7/0.67. அத்தோடு, அமெரிக்க முறையில் வயர்கள் பெட்டிக்குள் தொப்பி போட்டுச் சேரும். பிரித்தானிய முறையில் சேர்மானம் சீலிங் ரோஸின் முனைகளிலோ சுவிட்சின் முனைகளிலோ நடக்கும். பெட்டிக்குள் தனிச் சேர்மானமே பெரும்பாலும் தேவைப்படாத ஒரு முறைக்குப் பெட்டியை எண்ணத் தோன்றாதது இயல்புதான். மெல்லிய வயர், முனையில் இணைப்பு, நன்றாகப் பயின்ற ஆள்: மூன்றும் இருக்கும்வரை எண் இல்லாமலே சமாளிக்கலாம்.

எலுவன்குளத்தில் அந்த மூன்றும் ஒருசேர இருப்பதில்லை. இங்கே வீடு ஒரே நாளில் முடிவதில்லை. ஒரு காலத்தில் மண் சுவரும் கிடுகுக் கூரையும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்துக்கு வந்து குடியேறியபோதும் முதலில் கிடைத்தது கிடுகுக் குடிசைதான். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கரண்ட் வந்தால் வளையில் ஆணியடித்துப் பட்டையில் ஓடும் வயரும் ஒரு ஹோல்டரும் போதும். பிறகு கொஞ்சம் காசு சேர்ந்ததும் சீமெந்துக் கல். அருவாக்காட்டில் வெட்டும் சுண்ணக்கல் ரயிலில் பாலாவித் தொழிற்சாலைக்குப் போய்ச் சீமெந்தாகத் திரும்பி எங்கள் சுவர்களில் நிற்கிறது. கல்சுவர் வந்ததும் வயர் சுவருக்குள் போனது, சங்க் பொக்ஸும் வந்தது. முதலில் ஓர் அறையும் விறாந்தையும். மகள் கலியாணத்துக்கு ஓர் அறை. மூத்தவன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் இன்னோர் அறை.

ஒவ்வொரு புது அறைக்கும் லைன் எங்கிருந்து வருகிறது? மெயின் போர்ட்டிலிருந்து புது வயர் இழுத்தால் செலவு, சுவர் வெட்டும் கூலி வேறு. பக்கத்து அறையின் லைட் பொயின்ட்டிலிருந்தோ சுவிட்ச் பெட்டியிலிருந்தோ எடுத்துவிடலாம். அப்படித்தான் எடுக்கிறார்கள். பழைய பெட்டிக்குள் புதிதாக ஒரு லைவ், ஒரு நியூற்றல், ஒரு ஏர்த். கனெக்டருக்கு இடமில்லாவிட்டால் முறுக்கி டேப் சுற்றல். அதன் பிறகு மின்விசிறிக்கு ரெகுலேட்டர். பிறகு தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு பிளக், அதையும் அந்த லைட் லைனிலிருந்தே. இதில் பாஸைக் குறைசொல்லிப் பயனில்லை. வீட்டுக்காரர் கொடுத்த காசுக்குள், சுவரில் ஏற்கெனவே பூசப்பட்டுவிட்ட பெட்டிக்குள் அவர் வேலையை முடிக்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் ஓர் எண் அவர் கையில் இருந்தால் அவரும் வீட்டுக்காரரிடம் பேசலாம்: "இதுக்கு மேல இந்தப் பெட்டி தாங்காது மாமா, பக்கத்தில இன்னொண்டு வெட்டுவம்."

களப்பின் காற்று இன்னொரு பக்கம். புத்தளம் உப்பளங்களின் ஊர். உப்பேறிய ஈரக்காற்று பெட்டிக்குள் போனால் செம்பு பச்சை பூக்கும், ஸ்குரூ துருப்பிடிக்கும், முனையின் பிடி தளரும். தளர்ந்த முனையில் தடை ஏறும். பத்தில் ஒரு ஓம் தடை என்பது மீற்றரில்கூடச் சரியாகக் காட்டாத சிறு அளவு. 2,000 வாட் கேத்தலை அந்த லைனில் போட்டால் 8.7 அம்பியர் ஓடும். அந்தத் தளர்ந்த புள்ளியில் சுமார் 7.6 வாட் சூடு பிறக்கும். ஒரு எல்இடி குமிழ் முழுதாக இழுக்கும் சக்தி, நெல்மணியளவு இடத்தில், காற்றில்லாத பெட்டிக்குள். சாதாரண பிவிசி உறை 70 பாகை வரை தாங்கச் செய்தது. சுற்றி வெற்றிடம் இருந்தால் சூடு பரவிப் போகும். வயர் திணித்த பெட்டியில் பக்கத்து வயரின் உறைதான் அந்தச் சூட்டை வாங்கும்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைத் திருத்தாமல் விடக்கூடாது. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது லைவில் போன கரண்ட் நியூற்றலில் முழுதாகத் திரும்புகிறதா என்பதை. ஆள்மேல் பாய்ந்தாலோ ஏர்த்துக்குக் கசிந்தாலோ அது விழும், உயிர் காக்கும். தளர்ந்த முனையில் கரண்ட் எங்கும் கசியவில்லை, போனது அப்படியே திரும்புகிறது. பிரேக்கர் பார்ப்பது அளவுக்கு மேல் ஓடுகிறதா என்பதை. தளர்ந்த முனை கரண்டைக் கூட்டுவதில்லை. ஆகவே இரண்டும் பேசாமல் இருக்க, பெட்டிக்குள் உறை கருகிக்கொண்டே போகலாம். சுவிட்ச் தட்டில் ஒரு மஞ்சள் நிறம், தொட்டால் இளஞ்சூடு, லைட் இடையிடையே மினுங்கல், மீன் கருகியது போன்ற ஒரு வாடை: இவைதான் அறிவிப்பு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மெயினை நிறுத்திப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

அமெரிக்க அட்டவணையை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்ட முடியாது. அவர்களுடைய பெட்டி வேறு, பொருள் வேறு. ஆனாலும் அதை ஓர் அளவுகோலாக வைத்து எங்கள் மூன்றங்குலப் பெட்டியை அளந்து பார்க்கலாம். உள்ளளவு ஏறக்குறைய 7 சென்டிமீற்றருக்கு 7. ஆழம் 25 மில்லிமீற்றர் என்றால் கொள்ளளவு சுமார் 122 கன சென்டிமீற்றர். 35 என்றால் 171. 47 என்றால் 230. இப்போது ஒரே தட்டில் நாலு சுவிட்ச், விறாந்தையில் எல்லார் வீட்டிலும் இருப்பது. உள்ளே வரும் லைவ் ஒன்று, அடுத்த பெட்டிக்குப் போகும் லைவ் ஒன்று, லைட்டுகளுக்குப் போகும் வயர் நாலு, ஆறு. சுவிட்சுக்கு இரண்டு, எட்டு. சுவிட்சுகளுக்கு இடையே போடும் குட்டி வயர்கள் கணக்கில் இல்லை. எங்கள் 1/1.13 வயர் அமெரிக்க 18க்கும் 16க்கும் நடுவே வரும். பெரியதையே எடுத்தால் ஒன்றுக்கு 28.7. எட்டுக்கு 229.6 கன சென்டிமீற்றர். 47 மில்லிமீற்றர் பெட்டி மட்டும், அதுவும் மயிரிழையில், தேறுகிறது. 25 மில்லிமீற்றர் பெட்டியில் நாலு சுவிட்ச் போட்டால் கணக்கு சொல்வதன் ஏறக்குறைய இரட்டிப்பைத் திணித்திருக்கிறோம் என்று பொருள்.

இந்த எண் கட்டாய விதியாக வேண்டுமென்று நான் கேட்கவில்லை. தொழிற்பயிற்சி வகுப்பில் அரைப் பக்கமாக வந்தால் போதும். பெட்டிக்குள் வருவதை எண்ணு, சுவிட்சை இரண்டாக எண்ணு, ஏர்த்தை ஒன்றாக எண்ணு, பெருக்கு, பெட்டியை அளந்து பார். எட்டாம் வகுப்புக் கணிதம். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்குப் படிக்கும் பிள்ளை குழாயின் 460ஐயும் 43ஐயும் படிக்கலாம் என்றால் இதையும் படிக்கலாம்.

வீடு கட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பெட்டியின் ஆழம் முடிவாகிறது லைட் வாங்கும் நாளில் அல்ல, மேசன் சுவரை வெட்டும் நாளில். பூச்சு ஏறிவிட்டால் 25 மில்லிமீற்றர் 47 ஆகாது. ஆகவே கல்லடுக்கி முடிந்த அந்த வாரத்திலேயே பாஸோடு நின்று, எந்தச் சுவரில் எத்தனை சுவிட்ச், எந்த லைட்டிலிருந்து பின்னால் அறை போடும் எண்ணம் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பின்னுக்கு அறை வரப்போகும் பக்கத்தில் ஒரு வெறும் பெட்டியையும் ஒரு வெறும் குழாயையும் மெயின் போர்ட் வரைக்கும் இப்போதே போட்டு, வாயை மூடித் தட்டு ஒன்று அடித்துவிடலாம். பூசும்போது சீமெந்து உள்ளே போகாமல் கடதாசி அடைக்கச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் இறுகிப்போன சீமெந்தும் இடத்தைத்தான் தின்கிறது. வயர் முனையைக் கஞ்சத்தனமாக வெட்டாமல் ஒரு சாண் அளவுக்கு விடச் சொல்ல வேண்டும். கடற்காற்று நேரே அடிக்கும் வெளிச்சுவரில் லைட் போட்டால் ரப்பர் வளையம் வைத்த மூடிப் பெட்டி.

ஏற்கெனவே பூசிய வீடென்றால் இன்னொரு வழி உண்டு. சுவருக்கு வெளியே எழும்பி நிற்கும் சட்டம் ஒன்றைப் பெட்டிக்கும் தட்டுக்கும் நடுவே வைக்கலாம். அழகு கொஞ்சம் குறையும், ஆழம் கூடும். அதுவும் முடியாவிட்டால் பக்கத்திலேயே இரண்டாவது பெட்டியை வெட்டி, நாலு சுவிட்சை இரண்டும் இரண்டுமாகப் பிரித்துவிடுவது நல்லது. லைட் லைனில் தொங்கும் அந்த ஒற்றைப் பிளக்கை மட்டும் எப்படியாவது கழற்றி, 7/0.67 வயரில் தனி பிரேக்கருக்குக் கொண்டுபோக வேண்டும். கேத்தல் கொதிப்பது அங்கேதான்.